தாம்பரத்தில் எத்தனை ஓய்வு வயது?

மாதத்தின் கடைசி வேலை நாள் பிற்பகலில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்து அரசு அலுவலகங்களில் ஏதாவது ஒன்றில் பிரிவு உபசார விழா நடக்கும். சந்தன மாலை, பொன்னாடை, மிக்சரும் இனிப்பும் வைத்த தட்டு, குழுப் புகைப்படம். பிறகு சக ஊழியர்கள் வாடகை வேனில் ஏறி, ஓய்வு பெற்றவரை வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். இந்த நாளைத் தீர்மானிப்பது அடிப்படை விதி 56. ஊழியர் எந்த மாதத்தில் ஓய்வு வயதை எட்டுகிறாரோ, அந்த மாதத்தின் கடைசி நாள் பிற்பகலோடு அவர் பணி முடிகிறது. பிறந்த தேதி ஒன்று என்றால் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளே அவர் கிளம்ப வேண்டும்.

அந்த ஓய்வு வயது எது என்று கேட்டால்தான் பதில் பலவாகிறது. பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியுள்ள இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். தாம்பரம் ரயில் நிலைய ஊழியர் மத்திய அரசைச் சேர்ந்தவர், அவருக்கு 60. தாம்பரம் மாநகராட்சியின் நிரந்தர எழுத்தர் மாநில விதிக்குள் வருபவர். 2020 வரை 58, இப்போது 60. கிழக்கே விமானப்படைத் தளத்தில், 2022-க்கு முன் இருபது வயதுக்குள் வீரராகச் சேர்ந்தவரின் முதல் பணிக்காலம் 20 ஆண்டு. நீட்டிப்பு வாங்காவிட்டால் 40-ஐ ஒட்டிய வயதிலேயே அவர் முன்னாள் படைவீரர். வாங்கிக்கொண்டே போனால் 57 வரை இருக்கலாம். தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் 58. அரசு உதவி பெறும் கல்லூரியில் பேராசிரியருக்கு 60. அதே பட்டம், அதே தகுதியோடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் 65. இந்தச் சாலையைத் தாண்டிப் பார்த்தால் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65. இந்தக் கட்டடங்களையெல்லாம் கட்டிய கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஓய்வு வயது என்று எதுவுமே இல்லை.

மருத்துவக் கணக்குப் போட்டு இந்த எண்களை யாரும் நிர்ணயிக்கவில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல் முதுமை ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வயது 70. அது 65 ஆனது 1916-இல்தான். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து நமக்கு வந்த வயது 55. மத்திய அரசு அதை 1962 டிசம்பரில் 58 ஆக்கியது. 1998 மே மாதத்தில், ஐந்தாம் ஊதியக் குழுவுக்குப் பின், 60 ஆக்கியது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. இன்று 70-ஐ ஒட்டி. 60 வயதை எட்டியவர் இன்னும் சுமார் 18 ஆண்டு வாழ்வார் என்கின்றன மாதிரிப் பதிவுக் கணக்குகள். ஆயுள் இவ்வளவு நீண்ட காலத்தில் ஓய்வு வயது 5 ஆண்டுதான் ஏறியது. அந்த 5 ஆண்டும்கூட, பெரும்பாலும், கஜானா நிலவரத்தையும் தேர்தல் நிலவரத்தையும் பார்த்து ஏறியவை.

வயதைக் குறைத்துப் பார்த்த கதையும் பக்கத்திலேயே உண்டு. 1983 ஜனவரியில் ஆந்திராவில் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ், அடுத்த மாதமே அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-இலிருந்து 55 ஆக்கினார். இளைஞர்களுக்கு வேலை தருவதற்காக என்றார்கள். 55-ஐத் தாண்டியிருந்தவர்கள் 1983 பிப்ரவரி 28 அன்று ஒரே நாளில் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசுத் துறைகளில் மட்டும் ஆயிரக்கணக்கானோர். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தவர், வீட்டுக் கடன் வாங்கியவர், கடைசிப் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர் எல்லோருக்கும் மூன்று வாரத்துக்கும் குறைவான அவகாசம். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கே. நாகராஜ் வழக்கு என்று அறியப்படும் அதில் 1985 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஓய்வு வயது அரசின் கொள்கை முடிவு, 55 என்பது நியாயமற்ற வயதாகாது என்றது நீதிமன்றம். ஆனால் தீர்ப்புக்கு முன்பே, 1984-இல், ஆந்திராவில் வயது மறுபடி 58 ஆகிவிட்டிருந்தது. இடையில் வெளியே அனுப்பப்பட்டு இன்னும் 58 ஆகாதவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. அதே மாநிலம் 2014-இல் 60-க்கும் 2022-இல் 62-க்கும் போனது. தெலங்கானா 2021-இல் 61 என்றது. கேரளம் 56-இல் நிற்கிறது. 2013-க்குப் பின் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 60.

தமிழ்நாட்டில் நடந்தது 1983-இன் ஆந்திராவுக்கு நேர் எதிரான திசையில். 2020 மே 7 அன்று, முதல் ஊரடங்கின் நடுவே, மாநில அரசு ஓய்வு வயதை 58-இலிருந்து 59 ஆக்கியது. 2021 பிப்ரவரி 25 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையில் விதி 110-இன் கீழ் அதை 60 ஆக்கி அறிவித்தார். மறுநாள் தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது. இரண்டு ஆணைகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரியும். 2020 மே மாதம் 58 முடிய இருந்தவர் 2021 மே மாதத்துக்குத் தள்ளப்பட்டார். அந்த மாதம் வருவதற்குள் 2022 மே மாதத்துக்குத் தள்ளப்பட்டார். அதாவது 58 வயது விதிக்குள் இருந்த ஊழியர், ஆசிரியர் யாரும் 24 மாதம் வயது காரணமாக ஓய்வு பெறவில்லை. விருப்ப ஓய்வு, மரணம், ராஜினாமா தவிர நாற்காலி எதுவும் காலியாகவில்லை.

அரசுக்கு உடனடி லாபம் வெளிப்படையானது. ஒருவர் ஓய்வு பெறும் நாளில் பணிக்கொடை, விடுப்புச் சரண் தொகை, ஓய்வூதியத்தில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் தொகை என்று லட்சக்கணக்கில் கைக்குத் தர வேண்டும். வருவாய் வற்றியிருந்த கொரோனா ஆண்டில் அந்தச் செலவு தள்ளிப்போனது. இதை ஊழியர்களுக்குச் செய்த உபகாரமாக எல்லா ஊழியர்களும் எடுத்துக்கொள்ளவில்லை. சங்கங்களிலிருந்தே எதிர்ப்புக் குரல்கள் வந்தன.

வெளியே காத்திருந்தவர்களின் கதை வேறு. ராஜகீழ்ப்பாக்கத்திலோ செம்பாக்கத்திலோ அறை எடுத்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் குரூப் 2-க்கும் படித்துக்கொண்டிருந்த பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த 24 மாதம் வயது மட்டும் ஏறியது. 2021 செப்டம்பரில் அரசே நேரடி நியமனத்துக்கான உச்ச வயதை 2 ஆண்டு உயர்த்த வேண்டிவந்ததற்குக் கொரோனாவில் தேர்வுகள் நின்றுபோனது காரணமாகச் சொல்லப்பட்டது. ஓய்வுகள் நின்றுபோனதும் அதே காலத்தில்தான்.

பொருளாதார அறிஞர்கள் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள். நாட்டில் வேலைகளின் மொத்த எண்ணிக்கை நிலையானதல்ல. முதியவர் வேலையில் தொடர்ந்தால் அவர் சம்பாதிப்பார், செலவழிப்பார், அதனால் புது வேலைகள் பிறக்கும். கிரூபர், வைஸ் என்ற இருவர் தலைமையில் பல வளர்ந்த நாடுகளின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த தொகுப்பு, முதியவர்களை வெளியேற்றியதால் இளைஞர்களுக்கு வேலை கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தது. ஒரு நாட்டின் முழுப் பொருளாதாரத்துக்கு இந்த வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அரசு அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் என்று ஒன்று இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளர் பணியிடம் நான்கு என்றால் நான்குதான். ஒருவர் எழுந்தால்தான் கீழே இருப்பவருக்குப் பதவி உயர்வு. அவர் மேலே போனால்தான் அடியில் புது ஆள். ஓய்வு வயதுக்காகவோ அதற்கு எதிராகவோ பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் போவதால்தான் விவாதம் நகரமாட்டேன் என்கிறது. அதே சமயம், காலியான இடத்தை நிரப்பாமலோ வெளிமுகமை ஆளை வைத்து ஓட்டியோ காலம் கடத்தும் அரசு, இளைஞர் பெயரைச் சொல்லி முதியவரை எழுப்புவதற்குத் தார்மீக உரிமை ஏதும் கோர முடியாது.

ஆசிரியர் பணியில் இந்த முரண் உச்சத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு 2023 அறிவிக்கையின்படி உச்ச வயது பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. பல ஆண்டு தகுதித் தேர்வு எழுதிக் காத்திருந்தவர்களுக்குச் செய்யப்பட்ட நியாயம் இது. ஆனால் 58-இல் பணி ஆணை வாங்குகிறவர் 60-இல் மாலை வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுப் பணிக்கு ஓய்வூதியம் என்று பெரிதாக எதுவும் சேராது. நுழையும் வயதைத் தீர்மானிக்கும் கையும் வெளியேறும் வயதைத் தீர்மானிக்கும் கையும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

வயது என்று சொல்வதே சான்றிதழ் வயதைத்தான். இன்று 60-ஐ நெருங்கும் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதியை எழுதியது பள்ளித் தலைமையாசிரியர். ஜூன் மாதம் பள்ளியில் சேர ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், மே மாதத்திலும் ஜூனின் முதல் நாட்களிலும் பிறந்ததாகப் பதிவானவர்கள் ஏராளம். கேரளத்தில் ஒவ்வொரு மே 31-ஆம் தேதியும் ஆயிரக்கணக்கானோர் கூட்டமாக ஓய்வு பெறுவது இதனால்தான். தாய் சொல்லும் வயதும் சான்றிதழ் வயதும் ஓராண்டு, ஈராண்டு வேறுபட்டாலும் திருத்தம் கேட்கப் பணியில் சேர்ந்து 5 ஆண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கையில் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகிறவர்களின் மனுக்கள் பெரும்பாலும் நிற்பதில்லை.

ஒரு நாள் முன்பின் ஆவதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைக் காட்டிய வழக்கு சென்னையிலிருந்தே போனது. மத்திய அரசு ஊழியருக்கு அப்போது ஆண்டு ஊதிய உயர்வு ஜூலை 1-இல். ஜூன் 30 அன்று ஓய்வு பெறுகிறவர் முழு ஆண்டு உழைத்திருப்பார். ஆனால் மறுநாள் பணியில் இல்லை என்பதால் அந்த உயர்வு கிடைக்காமல் இருந்தது, ஓய்வூதியமும் அந்த அளவுக்குக் குறைந்தது. சுங்கத் துறையில் உயர் பதவியிலிருந்து 2013 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்ற ஐயம்பெருமாள் இதை எதிர்த்தார். 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், முடித்த ஓராண்டுக்கான உயர்வை ஓய்வூதியக் கணக்குக்குச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரலில் கர்நாடக மின் நிறுவன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதே நிலையை உறுதி செய்தது. ஒருவர் நீதிமன்றப் படி ஏறியதால் நாடு முழுக்க ஜூன் 30-இல் கிளம்பியவர்களுக்கு வழி பிறந்தது.

இதுவரை சொன்னது ஓய்வூதியம் உள்ளவர்களின் கதை. அதற்குள்ளேயே 2003 ஏப்ரல் 1 ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து மாநில அரசில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தார்கள். ஓய்வின்போது சேர்ந்த தொகை கிடைக்கும், மாதந்தோறும் வருவது ஏதுமில்லை. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் நடத்திய வேலைநிறுத்தத்தின் முதல் கோரிக்கையே இதை நீக்குவதுதான். கடைசி ஊதியத்தில் பாதியை உறுதி செய்யும் புதிய திட்டம் 2026 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது.

எல்லோரும் நீட்டிப்பை விரும்புகிறார்கள் என்று நினைப்பதும் தவறு. குரோம்பேட்டை, தாம்பரம் டெப்போக்களிலிருந்து பேருந்து எடுக்கும் ஓட்டுநருக்கு 60 என்பது மேசை வேலைக்காரரின் 60 ஆகாது. எஞ்சின் சூடு, கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்கால், நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர், சர்க்கரை. அதிகாலை முதல் நடைக்கு மூன்று மணிக்கு எழுந்து பழகிய உடம்பு 55-லேயே ஓய்வு கேட்கும். அவர் தொடர்வதற்கு ஒரு காரணம், ஓய்வு பெற்றவர்கள் பட்ட பாட்டை அவர் கண்ணால் பார்த்திருப்பது. போக்குவரத்துக் கழகங்களில் பணப்பலன் கைக்கு வர நீண்ட காலம் ஆனது. ஓய்வூதியர்களுக்கு 2015-லிருந்து அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜனவரி 9 அன்று, பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு அந்த நிலுவை முக்கியக் காரணம். வேலையில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றவர்களுக்காகப் போராடிய அந்த நாட்களைச் சென்னைப் பயணிகள் பலர் எரிச்சலோடுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த எரிச்சலில் கொஞ்சமும் நியாயமில்லை.

தனியார் துறைக்கு வந்தால் கணக்கு வேறு. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இத்தனை வயதில் அனுப்ப வேண்டும் என்று ஒரே சட்டம் கிடையாது. நிலையாணைகளும் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தங்களும் நியமனக் கடிதமும் சொல்வதுதான் விதி. பெரும்பாலும் 58. அதற்கு ஒரு காரணம், பி.எஃப். அலுவலகத்தின் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் 58-இல் பென்ஷன் தொடங்குகிறது. அந்தப் பென்ஷன் எவ்வளவு? ஊதியத்தைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். கணக்கில் எடுக்கப்படும் ஊதியத்துக்கு 2014 செப்டம்பரிலிருந்து உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த வரம்புக்குள் சந்தா கட்டியவருக்கு 35 ஆண்டு முழுதாகக் கணக்கில் வந்தாலும் மாதம் 7,500-ஐத் தாண்டாது. அதற்கு முந்தைய காலத்துக்கு வரம்பு 6,500 தான் என்பதால் இன்று ஓய்வு பெறுகிறவர்களுக்கு அதுவும் வராது. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. 58-இல் வாங்கத் தொடங்கிய தொகையே 78-லும் வரும். சிட்லபாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகைக்குக்கூட அது காணாது.

இந்த 58 வரை நீடிக்கிறவர்களே பாக்கியவான்கள் என்பது தென் புறநகருக்குத் தெரியும். பெருங்களத்தூர்-வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் எண்பதுகளின் இறுதியில் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று வெளியேறுவதாக அறிவித்தது. 2022 ஜூலையோடு அங்கே கார் உற்பத்தி முடிந்தது. நாற்பதைக்கூட எட்டாத தொழிலாளர்கள் 'செட்டில்மெண்ட்' தொகைக்காக மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. பி.எஸ்.என்.எல். 2019-இல் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டம் 50 வயதானவர்களுக்குத் திறந்தது. 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியேறினார்கள். பெயர் விருப்ப ஓய்வு. சம்பளம் மாதம் தவறிய நிறுவனத்தில் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் எழுதப்படாத ஓய்வு வயது இன்னும் கீழே. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடு, மேல் நிலையில் இருப்பவர்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளர் சட்டத்தின் 'தொழிலாளி' வரையறைக்குள் வருவதில்லை. 45 வயதில், மேடவாக்கத்தில் வாங்கிய அடுக்ககத்துக்கு இன்னும் 12 ஆண்டுத் தவணை பாக்கி இருக்கும்போது, அவருக்குக் கேட்க நாதியில்லை.

58-இல் அனுப்பப்பட்ட ஃபிட்டர் எங்கே போகிறார்? சேலையூர், வேங்கைவாசல், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று வளர்ந்துகொண்டே போகும் அடுக்ககங்களின் வாசலில் அவரைப் பார்க்கலாம். தளர்ந்த நீலச் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, வருவோர் போவோர் பதிவேடு, கொசுவர்த்தி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மாற்றாள் வராவிட்டால் இருபத்து நான்கு. தொழிற்சாலையில் வார விடுமுறையும் கேண்டீன் சாப்பாடும் ஓவர்டைமும் இருந்தன. இங்கே லீவு போட்டால் சம்பளம் பிடிப்பு. மைக்ரோமீட்டர் பிடித்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளந்த கை, தண்ணீர் லாரிக்கு கேட் திறக்கிறது. உடம்பு தளர்ந்துவிட்டது என்பதற்காக அவரைப் பகல் வேலையிலிருந்து அனுப்பினார்கள். அதைவிடக் கடினமான இரவு வேலையைத்தான் ஊர் அவருக்குக் கொடுத்தது. 2017-18-இல் நடந்த லாசி என்னும் தேசிய முதியோர் ஆய்வில், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 36 சதவீதம் பேர் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கட்டாய ஓய்வு இவர்களுடைய உழைப்பை நிறுத்தவில்லை, அதன் விலையைத்தான் குறைத்தது.

அரசும் இதையேதான் செய்கிறது. 60-இல் அனுப்பிய ரயில்வே, ஆள் பற்றாக்குறையால் 65 வயதுக்குட்பட்ட ஓய்வு பெற்ற ஊழியர்களை ஒப்பந்தத்தில் திரும்ப எடுக்க 2024-இல் அனுமதி கொடுத்தது. பள்ளிகளில் கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியரை மே இறுதி வரை மறுநியமனத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அது நல்ல வழக்கம்; பிள்ளைகளுக்கு நடுவில் ஆசிரியர் மாறுவதில்லை. அரசுக் கல்லூரியிலிருந்து 60-இல் கிளம்பிய பேராசிரியர் மறுவாரமே தாம்பரத்தைச் சுற்றியுள்ள தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் துறைத் தலைவராக உட்காருவதும் சகஜம். அனுபவம் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை மலிவாக வாங்கும் ஏற்பாடாக ஓய்வு வயது ஆகிவிட்டதுதான் கவலை.

பிற நாடுகள் இந்த முடிச்சை வெவ்வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்திருக்கின்றன. அமெரிக்கா 1986-இல் பெரும்பாலான வேலைகளுக்குக் கட்டாய ஓய்வையே சட்டத்தால் நீக்கியது. பிரிட்டன் 2011-இல் 65 என்ற பொது வயதைக் கைவிட்டது. ஜப்பானில் 60-இல் ஓய்வு கொடுக்கலாம். ஆனால் 65 வரை வேலை பெற வழி செய்துதர வேண்டியது முதலாளியின் கடமை, 70 வரை முயற்சி எடுக்க வேண்டும் என்று 2021-இல் சேர்த்தார்கள். தமிழர்கள் அதிகம் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆனது. அதன் பிறகு 68 வரை மறுவேலை வாய்ப்பு தர வேண்டும். 2026 ஜூலையில் அவை 64, 69 என்று திட்டமிட்டு, முன்கூட்டியே அறிவித்தார்கள். இலங்கையின் அனுபவம் இதற்கு மாறானது. தனியார் துறைக்கு 2021-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கி, வழக்கத்தில் இருந்த 55-ஐ முடிவுக்குக் கொண்டுவந்தது; அது நல்ல முன்னேற்றம். ஆனால் அரசுத் துறையில் 2022 தொடக்கத்தில் 65 என்றார்கள், பொருளாதாரம் சரிந்ததும் அதே ஆண்டில் 60 என்று திருப்பினார்கள். 2022 டிசம்பர் 31 அன்று ஏறத்தாழ 30,000 அரசு ஊழியர்கள் ஒன்றாக வெளியேறினார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அலுவலகங்கள் மூத்த அதிகாரிகளை ஒரே நாளில் இழந்தன.

இந்தியாவில் வயதைக் காரணம் காட்டி வேலை மறுப்பதை நேரடியாகத் தடுக்கும் பொதுச் சட்டம் கிடையாது. அரசமைப்பின் 16-ஆவது கூறு மதம், இனம், சாதி, பாலினம், வம்சாவளி, பிறப்பிடம், வசிப்பிடம் என்று எண்ணிக்கொண்டு போகிறது. வயது அதில் இல்லை. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்கள் 35 வயதிலோ, பணியில் சேர்ந்து நான்காண்டுக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் கர்ப்பத்திலோ ஓய்வு பெற வேண்டும் என்றிருந்த விதியை நெர்கேஷ் மிர்சா வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் பரிசீலித்தது. கர்ப்பத்தைக் காரணமாக்கிய பகுதியும், நீட்டிப்பை நிர்வாக இயக்குநரின் இஷ்டத்துக்கு விட்ட பகுதியும் செல்லாது என்றது. 35 என்ற வயதைத் தொடவில்லை. நீதிமன்றம் வழியாகப் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். மீதியைச் சட்டமன்றமும் சங்கங்களும்தான் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்? எல்லோருக்கும் ஒரே வயது என்பது சமத்துவமாகத் தோன்றும், ஆனால் ஓட்டுநரையும் கணக்காளரையும் ஒரே தராசில் நிறுக்கும். கட்டாய ஓய்வை அடியோடு நீக்குவது, பணியிட எண்ணிக்கை குறிக்கப்பட்ட அரசுத் துறையில் இளைஞர் வாசலை அடைக்கும். நடைமுறைக்கு உகந்தது இரண்டு நிபந்தனை. ஒருவரை வயதைச் சொல்லி வெளியே அனுப்பும் எந்த நிறுவனமும், அந்த வயதிலிருந்து அவர் கௌரவமாகச் சாப்பிடப் போதுமான மாத வருமானம் உறுதியாகியிருப்பதைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், ஜப்பான் வழியில், விரும்புகிறவருக்கு மறுவேலை தர வேண்டும். இரண்டாவது, காலியாகும் இடத்தில் ஆறு மாதத்துக்குள் நிரந்தர ஆள் வர வேண்டும். முதல் நிபந்தனைக்குப் பி.எஃப். பென்ஷன் உச்சவரம்பை உயர்த்துவதும் அகவிலைப்படியோடு இணைப்பதும் தொடக்கம். கடின உடல் உழைப்பு வேலைகளில் 55-க்கு மேல் முழுப் பென்ஷனோடு தானாக விலகும் உரிமை வேண்டும். செலவு பிடிக்கும் காரியங்கள்தான். 2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60-ஐத் தாண்டியவர்கள். 2031-இல் அது 18.2 சதவீதம் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். தள்ளிப்போட்டால் செலவு கூடத்தான் செய்யும்.

இந்த நிபந்தனைகள்கூடத் தொடாத ஒருவர் இருக்கிறார். காலை ஏழு மணிக்குத் தென் புறநகரின் சாலைச் சந்திப்புகளில் சாப்பாட்டுத் தூக்கோடும் கரண்டியோடும் மேஸ்திரிக்காகக் காத்து நிற்பவர்களில் நரைத்த தலைகள் நிறைய. சட்டப்படி கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய உறுப்பினராக இருக்க வயது 18 முதல் 60 வரை. அதற்குப் பிறகு உறுப்பினர் தகுதி போய்விடும். மாநிலத்தில் ஓ.ஏ.பி. என்று எல்லோரும் சொல்லும் முதியோர் உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 1,200 ரூபாய். வாரியத்தின் ஓய்வூதியமும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கிறது. முதியோர் தொகையில் மத்திய அரசின் பங்கு, 79 வயது வரையிலானோருக்கு, இன்னும் 200 ரூபாய். கொத்தனாரின் ஓரிரு நாள் கூலியளவு தொகையை மாதம் முழுக்க வைத்துக்கொண்டு யாரும் வீட்டில் உட்கார முடியாது, அதனால் 63-லும் 65-லும் அவர் சாரம் ஏறுகிறார். கட்டுமானச் செலவில் வசூலிக்கப்படும் 1 சதவீத நலவரி அவர் கட்டும் கட்டடத்திலிருந்தும் வாரியத்துக்குப் போகிறது. வேலை செய்யும் வரை அவரை உறுப்பினராக வைத்திருக்கவும், ஓய்வூதியத்தைக் குறைந்தபட்சக் கூலியின் ஒரு பங்கோடு கட்டிவைக்கவும் அந்த நிதியிலிருந்து வழி செய்ய முடியும். வாரிய விதிகளின் அடுத்த திருத்தத்தில் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.